நடுவரும் நடுவுநிலைமையும்: பொழுதுபோக்கு விளையாட்டின் அறம் பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றின் அறுவடை முடிந்த வயலிலோ கோயில் வீதியிலோ மாலைப் பொழுதுகளில் நடைபெறும் மென்பந்துத் துடுப்பாட்டத்தைக் கண்டவர்கள் ஒரு காட்சியை நன்கு அறிவர். பந்து துடுப்பின் ஓரத்தைத் தொட்டதோ தொடவில்லையோ என்ற ஐயத்துடன் இலக்குக் காப்பாளனின் கைகளிற் போய்ச் சேருகின்றது. களத்தில் நிற்போர் அனைவரும் ஒரே குரலில் முறையிடுகின்றனர். துடுப்புப் பிடித்தவன் நிலத்தைப் பார்க்கின்றான். எல்லாக் கண்களும் மறுமுனையில் நிற்பவனை நோக்கித் திரும்புகின்றன. அவன் யார்? துடுப்பாடும் அணியைச் சேர்ந்தவன். அடுத்ததாகத் துடுப்பெடுக்கக் காத்திருப்பவன். பல வேளைகளிலே குற்றஞ்சாட்டப்பட்டவனின் ஒன்றுவிட்ட தமையனாகவோ ஒரே வாங்கில் அமர்ந்து படிப்பவனாகவோ இருப்பவன். பொழுதுபோக்காக ஆடப்படும் ஆட்டத்துக்கு வெளியாரை நடுவராக அழைத்துவர வசதியில்லை. துடுப்பாடும் அணியே நடுவரையும் தரவேண்டும் என்பது அங்கு எழுதா விதி.

இந்த நடுவனிடம் உயர்த்துவதற்கு ஒரு விரல் உண்டு. அதற்கு மேல் யாதும் இல்லை. அவனுக்குச் சீருடையில்லை, சம்பளமில்லை, அவனுடைய தீர்ப்பை மீறியவனைத் தண்டிக்கும் சபை எதுவும் இல்லை. பிறர் அவனுடைய சொல்லை நிற்கவிடும் வரையிலேதான் அது நிற்கும். அவனுடைய பற்றோ இரட்டைப் பற்று. நண்பனைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை ஒருபுறம். அவன் வெளியேறினால் துடுப்புத் தன் கைக்கு வரும் என்ற ஆசை மறுபுறம். நீதி வழங்குவதற்கு இத்துணைப் பொருத்தமற்ற ஒருவனை வேண்டுமென்று தேடினாலும் கண்டெடுத்தல் அரிது. ஆயினும் விளையாட்டு மனப்பான்மை என்று பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலே போற்றப்படும் அந்தப் பண்பு, சீருடை அணிந்த நடுவரின் முன்னிலையிலும் பார்க்க இந்தப் பொருத்தமற்றவனின் முன்னிலையிலேயே உண்மையாகக் கற்கப்படுகின்றது என்று கருதுவதற்கு இடமுண்டு. அந்தக் கருத்து எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே ஆராயத்தக்கது.

நடுவர் என்ற சொல்லும் அதற்கு ஈடாக இலங்கைப் பத்திரிகைகளில் வழங்கும் மத்தியஸ்தர் என்ற வடமொழிச் சொல்லும் ஒரே பொருளைத் தருவன. இரு தரத்தாருக்கும் நடுவே நிற்பவர் என்பது அப்பொருள். ஆங்கிலேயரின் ‘அம்பயர்’ என்ற சொல்லின் வரலாறு வேறு. பழைய பிரெஞ்சு மொழியிலே இணையற்றவர், இருவரில் எவருடனும் சோடி சேராத மூன்றாமவர் என்ற பொருளில் வழங்கிய சொல்லே திரிந்து அவ்வாறாயிற்று என்பர் மொழிநூலார். ‘ரெஃபரி’ என்பவரோ பிறரால் தீர்க்க இயலாத வழக்கு யாரிடம் ஒப்படைக்கப்படுகின்றதோ அவர். ஆங்கிலச் சொற்கள் ஆளின் தகுதியைக் குறிக்கின்றன; தமிழ்ச் சொல் அவர் நிற்கும் இடத்தைக் குறிக்கின்றது. வயல்வெளி நடுவனுக்கு அம்பயர் என்ற பெயர் எவ்வகையிலும் பொருந்தாது. அவன் மூன்றாமவன் அல்லன், இருவரில் ஒருவன். ஆனால், அந்தக் கணத்திலே அவன் தன் அணியிலிருந்து விலகி நடுவே வந்து நிற்கலாம். வள்ளுவர் நடுவுநிலைமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்துத் துலாக்கோலை உவமையாக்கியபோது பேசியதும் நீதிமன்றத்து அதிகாரியைப் பற்றி மட்டுமன்று. பகைவர், அயலார், நண்பர் என்ற பகுப்பு உள்ள எவருக்கும் உரியதையே அவர் பேசினார்.

வயல்வெளித் துடுப்பாட்டத்தின் விதிகளைச் சற்று உற்று நோக்கின் சுவையான செய்தி ஒன்று புலப்படும். அங்கு எல்.பி.டபிள்யூ. முறையில் ஆட்டமிழத்தல் பெரும்பாலும் கிடையாது. காரணம் வெளிப்படை. பந்து காலிற் படாதிருந்தால் இலக்கைத் தாக்கியிருக்குமோ என்பது நடவாத ஒன்றைப் பற்றிய ஊகம். அந்த ஊகத்தை எதிரணியைச் சேர்ந்தவனிடம் ஒப்படைக்க எவரும் துணியார். இலக்கு விழுந்ததா என்பது அனைவரும் காணக்கூடியது. பிடி எடுக்கப்பட்டதா என்பதும் பெரும்பாலும் அவ்வாறே. பந்து ஓரத்திற் பட்டதா என்பது இடைநடுவிலே கிடப்பது. ஆகவே அந்த ஊர் இளைஞர்கள், எவரும் கற்பிக்காமலே, தங்களிடம் உள்ள நம்பிக்கையின் அளவுக்கேற்பச் சட்டப் புத்தகத்தை வெட்டிச் சுருக்கிக்கொள்கின்றனர். பக்கத்து வளவுக்குள் அடித்தால் ஆட்டமிழப்பு என்றும் பனையிற் பட்டால் இத்தனை ஓட்டம் என்றும் புது விதிகளைச் சேர்த்துக்கொள்வதும் அவர்களே. சட்டம் எவ்வளவு நுட்பமாக இருக்கலாம் என்பதை அதற்கு உட்பட்டவர்களின் பரஸ்பர நம்பிக்கையே வரையறுக்கின்றது என்ற இவ்வுண்மையை அரசியல் விஞ்ஞான விரிவுரைகளிலே தேடுவோர் ஒரு மாலைப்பொழுதை வயலோரத்திற் கழித்தாலும் நட்டமில்லை.

மரபுவழி ஆட்டங்கள் இச்சிக்கலை வேறொரு வழியாலே தீர்த்துக்கொண்டன. சடுகுடுவில் எதிரியின் எல்லைக்குள் புகுபவன் மூச்சடக்கி ஒரே சொல்லைப் பாடிக்கொண்டே போகவேண்டும். மூச்சு விட்டானா என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அவனுடைய குரலே சான்று. கிளித்தட்டிலோ, கோட்டில் நின்று மறித்தவனின் கை ஓடியவனைத் தொட்டதா என்பதை அவ்விருவரும் அறிவர். பிறர் அறிவதற்குள் ஆட்டம் அடுத்த பெட்டிக்குப் போய்விடும். ஆதலால் ‘பட்டது’ என்று பட்டவன் ஒப்புக்கொள்வதிலேயே அந்த ஆட்டம் தங்கியிருந்தது. ஒப்புக்கொள்ளாதவனை ‘அளாப்பி’ என்று சிறுவர் ஒதுக்குவர். அளாப்புதல் என்ற சொல் ஈழத்துச் சிறார் வழக்கிலே பெற்றுள்ள கனத்தை அகராதிகள் காட்டமாட்டா. ஆட்டத்திலே தோற்றவனை மறுநாளும் சேர்த்துக்கொள்வர். அளாப்பியைச் சேர்ப்பதற்கு முன் யோசிப்பர்.

மேனாட்டு விளையாட்டுகளும் இவ்வாறே தொடங்கியவை என்பது பலர் மறந்துவிட்ட வரலாறு. 1863ஆம் ஆண்டிலே இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் வகுத்த முதல் விதிகளிலே நடுவர் என்ற ஒருவர் இல்லை. பிணக்கு ஏற்பட்டால் அணித் தலைவர்கள் இருவரும் பேசித் தீர்ப்பர் என்பது எதிர்பார்ப்பு. பின்னர் அணிக்கு ஒருவராக இரு நடுவர்கள் வந்தனர். அவர்கள் இணங்காதவிடத்து முடிவு கூறுவதற்கு மைதானத்துக்கு வெளியே மூன்றாமவர் ஒருவர் இருந்தார். ஆட்டக்காரர் முறையிட்டாலன்றி எவரும் தீர்ப்பளிப்பதில்லை. 1891ஆம் ஆண்டிலேதான் அந்த மூன்றாமவர் மைதானத்தினுள்ளே அழைக்கப்பட்டார். மற்றை இருவரும் கோட்டோரத்துக்குத் தள்ளப்பட்டனர். தண்டனை உதை விதிகளிலே இடம்பெற்றதும் அதே ஆண்டிலேயாம். இரண்டும் சேர்ந்து வந்தமை தற்செயலன்று. கோலைத் தடுப்பதற்காக ஒருவன் வேண்டுமென்றே விதியை மீறுவான் என்று சட்டம் முதன்முறையாக எதிர்பார்க்கத் தொடங்கியது. கனவான்கள் வேண்டுமென்றே தவறு செய்வர் என்று எழுதி வைப்பதே தங்களுக்கு இழுக்கு என அக்காலத்து அமெச்சூர் ஆட்டக்காரர் சிலர் சினந்தனர். ‘கொறிந்தியன்’ கழகத்தினர் தங்களுக்குக் கிடைத்த தண்டனை உதையை வேண்டுமென்றே வெளியே அடித்தனர் என்ற கதை இன்றும் வழங்குகின்றது.

அந்த மாற்றத்தினால் விளைந்த நன்மை பெரிது. நடுவர் இல்லாவிடின் பெருங்கூட்டத்தின் முன், பணயம் மிக்க ஆட்டத்தை நடத்த இயலாது. ஆனால், அதனோடு நுண்ணியதொரு இடப்பெயர்ச்சியும் நிகழ்ந்தது. உண்மையைச் சொல்லும் பொறுப்பு ஆட்டக்காரனிடமிருந்து நீங்கி விசில் வைத்திருப்பவரிடம் போயிற்று. ‘விசில் ஊதும் வரையும் ஆடு’ என்று பயிற்றுவிப்போர் சிறுவர்க்குக் கூறும் அறிவுரை கவனம் சிதறாதிருப்பதற்காகக் கூறப்படுவதே. எனினும், விசில் ஊதப்படாதது எதுவோ அது நிகழாதது என்ற ஒரு தத்துவமும் அதனுள்ளே ஒளிந்திருக்கின்றது. 1986ஆம் ஆண்டு யூன் 22ஆந் திகதி மெக்சிக்கோ நகரிலே இங்கிலாந்துக்கெதிராக மரடோனா கையாற் போட்ட கோல் இதன் உச்சம். நடுவராயிருந்த துனீசியர் அதனைக் காணவில்லை. பந்து கையிற் பட்டதை அந்த மைதானத்தில் ஐயமின்றி அறிந்திருந்தவர் மரடோனா. அறிந்தவரிடம் எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, காணாதவரே அன்று தொட்டுப் பழி சுமந்தார். அறியும் வாய்ப்பு மிகக் குறைந்தவரிடம் அறிவிக்கும் கடமை முழுவதையும் சுமத்திவிட்டு, அறிந்தவனைக் கடமையிலிருந்து விடுவித்துவிடுவது விசித்திரமானதோர் ஒழுங்கே.

இவ்விடத்திலே எழக்கூடிய தடை ஒன்றை எளிதாகத் தள்ளிவிடலாகாது. நடுவரற்ற கனவான் ஆட்டம் என்பது ஓய்வும் செல்வமும் உடைய ஒரு வகுப்பாரின் கனவு. ஆலைத் தொழிலாளி சம்பளம் பெற்று ஆட வந்தபோது, 1885இல் அதற்குச் சட்டம் இடங்கொடுக்கும் வரை, அவனை இழிவாக நோக்கியவர்களும் அவர்களே. குடியேற்ற நாடுகளிலே இந்த விளையாட்டு மனப்பான்மை எதற்காகக் கற்பிக்கப்பட்டது என்பதும் கேட்கத்தக்கது. இலங்கையின் மிசனரிக் கல்லூரிகள் துடுப்பாட்டத்தைப் பாடத்திட்டத்தின் பாதியாகக் கருதி வளர்த்தன; யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையிலான ஆண்டுப் போட்டி 1904ஆம் ஆண்டிலே தொடங்கியது. ‘நடுவரோடு வாதாடாதே’ என்று அங்கு கற்றவன் பின்னர்க் கச்சேரியிலே துரையோடும் வாதாடமாட்டான் என்ற கணக்கு ஆளுவோரின் மனத்தில் இருந்திருக்காது என்று கூற முடியாது. தவறான தீர்ப்பை வாய்மூடி ஏற்பது பண்பாடா, அடிமைப் பயிற்சியா?

இவ்வினாவை முத்தையா முரளிதரனின் வரலாற்றை விடக் கூர்மையாக எழுப்பியது வேறொன்றும் இலங்கையில் இல்லை. 1995ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி மெல்பேண் மைதானத்திலே நடுவர் டரல் ஹெயர் அவருடைய பந்துவீச்சு எறிதலே எனக் கருதி மீண்டும் மீண்டும் ‘நோ போல்’ என அறிவித்தார். 1999 சனவரியிலே அடிலெய்டில் றொஸ் எமேர்சன் என்ற நடுவர் அவ்வாறே செய்தபோது, அணித் தலைவர் அர்ச்சுன ரணதுங்க நடுவரின் முகத்துக்கு நேரே விரல் நீட்டி வாதாடித் தம் அணியை எல்லைக்கோடு வரை நடத்திச் சென்றார். ஆட்டம் சிறிது நேரம் நின்று பின்னர் தொடர்ந்தது. அன்று இலங்கை ஓர் இலக்கினால் வென்றது. நடுவரின் சொல்லே இறுதியானது என்ற கோட்பாட்டைப் பற்றி நிற்பவர்களுக்கு ரணதுங்கவின் செயல் பெருங்குற்றம். நடுவர்களுக்காகவும் ஒன்று கூறவேண்டும். ஐயமுற்றால் அறிவிக்க வேண்டும் என்பதே அவர்களுக்குச் சட்டம் விதித்த கடமையாக இருந்தது. ஆனால், முழங்கை எத்தனை பாகை நிமிருகின்றது என்பதை மனிதக் கண் அளக்க முடியாது என்பதும், குற்றமற்றவர் எனக் கருதப்பட்ட பந்துவீச்சாளரிற் பெரும்பாலானோரும் கையை ஓரளவு நிமிர்த்தியே வீசுகின்றனர் என்பதும் 2004ஆம் ஆண்டளவில் நடைபெற்ற அளவீடுகளால் வெளிப்பட்டன. அதன் விளைவாக எல்லை 15 பாகை என வகுக்கப்பட்டது. முரளிதரன் 800 ரெஸ்ற் இலக்குகளுடன் 2010இல் ஓய்வு பெற்றார்.

ரணதுங்க நீட்டிய விரலில் அழகில்லை. அவர் எழுப்பிய வினா நியாயமானது. இரண்டையும் ஒருங்கே கூற முடியாதவர்கள்தாம் விளையாட்டு மனப்பான்மையை மௌனத்தோடு ஒன்றாக்கிக் குழப்புகின்றனர். அதேவேளை அந்தத் தவறு எங்கே திருத்தப்பட்டது என்பதையும் நோக்கவேண்டும். அடிலெய்ட் ஆடுகளத்திலே அது திருத்தப்படவில்லை. ஆய்வுகூடத்திலும் சபையிலும் திருத்தப்பட்டது. ஆடுகளத்திலே செய்யத்தக்கதாக இருந்தது ஒன்றே. ஆட்டத்தைத் தொடர்வது.

ஏற்றல் வேறு, உடன்படல் வேறு. நடுவன் ‘அவுட்’ என்றால், பந்து துடுப்பிற் பட்டது என்று நம்பவேண்டிய கடப்பாடு எவருக்கும் இல்லை. துடுப்பை வைத்துவிட்டு நடக்க வேண்டிய கடப்பாடே உண்டு. பேர்னாட் சூற்ஸ் என்ற மெய்யியலாளர் 1978இல் வெளியிட்ட நூலிலே, விளையாட்டு என்பது தேவையற்ற தடைகளைத் தானே விரும்பி ஏற்றுக்கொண்டு அவற்றைக் கடக்க முயல்வது என்று விளக்கினார். குழியிலே பந்தை இடுவதுதான் நோக்கமெனில் கையால் எடுத்துச் சென்று இடலாம். நீண்ட கோலால் அடித்தே இடவேண்டும் என்று உடன்பட்டமையாலேயே அது கொல்ஃப் ஆகின்றது. இதிலிருந்து, ஏமாற்றுபவன் வென்றவன் அல்லன், ஆடாதவன் என்பது பெறப்படும். நடுவனின் சொல்லை ஏற்க மறுப்பவன் நிலையும் ஏறக்குறைய அதுவே. வயல்வெளியில் இதற்குத் தத்துவம் வேண்டியதில்லை. துடுப்பின் சொந்தக்காரன் ஆட்டமிழந்த கோபத்தில் அதனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவானாயின், அவனுடைய வாதம் எவ்வளவு சரியாக இருப்பினும் அன்று மாலை எவருக்கும் ஆட்டம் இல்லை.

ஆனால், ஏற்பவனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது பொருளின் பாதியையே தொடுவதாகும். விரலை உயர்த்த வேண்டியவனின் உள்ளத்திலே நிகழ்வதே இதன் செறிவான பகுதி. தன் நண்பனுக்காகப் பொய் சொல்லும் ஆசை அவனுக்கு வருவது இயல்பு; அதனை எல்லாரும் எதிர்பார்க்கின்றனர்; ஆகவே அது அவ்வளவு ஆபத்தானதன்று. அதனிலும் நுட்பமான ஆசை, நடுவுநிலையாளன் எனப் பெயரெடுக்கும் ஆசை. ஐயமான வேளையிலே தன் தமையனுக்கு எதிராக விரலை உயர்த்தினால் எதிரணியினர் தோளில் தட்டுவர். ‘நீதியான பெடியன்’ என்பர். அந்தப் புகழுக்காகத் தமையனைப் பலியிடுவதும் அநீதியே. உறவினன் என்பதற்காக ஒருவனுடைய உரிமை கூடாதது போலவே குறையவும் கூடாது. நேர்மையின் தோற்றத்தை நேர்மை என எண்ணி மயங்குவது பெரிய பதவிகளிலும் காணப்படுவது. தம் ஊரவர் என்ற காரணத்தாலேயே தகுதியுள்ளவனைத் தவிர்த்துவிட்டுத் தம் பக்கச்சார்பின்மையை மெச்சிக்கொள்ளும் தேர்வாளர்களும் உளர்.

தவறிழைத்துவிட்டதை நடுவன் தானே உணரும் வேளை இன்னொன்று. அடுத்த ஓவரிலே மறுதரத்துக்கு ஒரு சலுகை வழங்கிச் சமப்படுத்திவிடலாம் என்ற எண்ணம் அப்பொழுது தோன்றும். தொழில்முறை நடுவர்களைக் கூடப் பார்வையாளர் இவ்வாறு ஐயுறுவது உண்டு. இது நீதிபோலத் தோன்றும் ஒரு கணக்கு. ஆனால் முதலில் இழந்தவன் வேறு. பின்னர் இழப்பவன் வேறு. ஒருவனுக்குக் கொடுக்கவேண்டிய கடனை அவனுடைய அயலவனிடம் பறித்துத் தீர்க்க முடியுமா? துடுப்பாட்டச் சட்டம், தவறை உடனடியாக உணர்ந்த நடுவர் தம் தீர்ப்பை மாற்றிக்கொள்ள இடமளிக்கின்றது. அந்தக் கணம் தவறிவிட்டால், செய்த பிழையைச் சுமந்துகொண்டு அடுத்த பந்தைப் புதிதாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இருபது வயதுக்குட்பட்ட ஒருவன் இதனை ஒரு மாலையிலே கற்றுக்கொள்வானாயின், அது சிறிய கல்வியன்று.

கற்றல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதற்கு உளவியலிலிருந்தும் ஒரு சான்று உண்டு. சுவிற்சலாந்தைச் சேர்ந்த ஜீன் பியாஜே சிறுவர் கோலி விளையாடுவதை உற்று நோக்கி, அவர்களோடு உரையாடி, 1932இல் வெளியிட்ட நூலிலே அவர்தம் ஒழுக்கத் தீர்ப்பின் வளர்ச்சியை ஆராய்ந்தார். இளஞ்சிறுவர் விதிகளைப் பெரியோரிடமிருந்து வந்த, தொடக்கூடாத புனிதப் பொருள்களாகக் கருதினர். ஆனால், ஆட்டத்திலே அவற்றைப் பெரிதும் பின்பற்றவில்லை. வளர்ந்த சிறுவரோ, எல்லாரும் உடன்பட்டால் விதியை மாற்றலாம் என்றனர். அவர்களே விதியைக் கவனமாகப் பேணினர். விதி தனதென்று உணர்ந்தவனே அதற்குக் கட்டுப்படுகின்றான். நேரிய செயல்களைச் செய்து செய்தே ஒருவன் நேரியவன் ஆகின்றான் என்று அரித்தோத்தில் கூறியதையும் இங்கு இணைத்து நோக்கலாம். தீர்ப்புக்குக் கீழ்ப்படிந்து மட்டுமே வளர்ந்தவன் கீழ்ப்படிதலைக் கற்றிருப்பான். தீர்ப்புக் கூறியும் பார்த்தவன், தனக்கெதிரான தீர்ப்பைக் கேட்கும்போது அதனைக் கூறியவனின் இடர்ப்பாட்டையும் சேர்த்துக் கேட்கின்றான். ஆகவே பாடசாலைகள் விசிலை ஆசிரியரின் கழுத்திலேயே எப்பொழுதும் தொங்கவிடாது மாணவர் கையிலும் கொடுத்துப் பார்ப்பது, பரிசளிப்பு விழா உரைகள் பலவற்றினும் பயன் தரக்கூடும்.

இதனை வேண்டுமென்றே முறைமையாக்கிய விளையாட்டு ஒன்றும் உண்டு. 1968ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து மேப்பிள்வூட் நகரில் உயர்பாடசாலை மாணவர் தோற்றுவித்த, பறக்கும் தட்டை எறிந்து பிடித்து ஆடும் ‘அல்ற்றிமேற்’ என்ற அந்த ஆட்டத்தை உலகப் போட்டிகளிற்கூட ஆட்டக்காரரே தீர்ப்புக் கூறி ஆடுகின்றனர். தனக்கு இழைக்கப்பட்ட தவறை ஒருவன் அறிவிக்கின்றான். மற்றவன் ஒப்புக்கொண்டால் அதற்கேற்ப ஆட்டம் தொடரும். மறுத்தால் தட்டு எறிந்தவனிடமே திரும்பச் செல்லும். அந்தக் கட்டம் மீள ஆடப்படும். ஆட்டம் முடிந்தபின் ஒவ்வோர் அணியும் மற்றதன் நடத்தைக்குப் புள்ளியிடுகின்றது. உண்மை எது என்பதைக் கண்டறிய முடியாதவிடத்து எவரையும் பொய்யராக்காது பின்னோக்கிச் செல்லும் இவ்வேற்பாட்டில் ஒரு நாகரிகம் இருக்கின்றது. பெரும்பணமும் பெருங்கூட்டமும் சேர்ந்தால் இது தாங்குமா என்ற ஐயம் அந்த ஆட்டக்காரரிடையிலேயே உண்டு. அந்த ஐயம் நியாயமானதே.

நடுவர்கள் இருக்கும் இடத்திலும் ஆட்டக்காரனின் பொறுப்பு முற்றாக மறைந்துவிடுவதில்லை. துடுப்பாட்டச் சட்டத்திலே களத்தடுப்பாளர் முறையிட்டாலன்றி நடுவர் எவரையும் ஆட்டமிழந்ததாக அறிவிக்கலாகாது. ஆட்டமிழந்தவன் முறையீடின்றியே தானாக வெளியேறுவதையும் சட்டம் தடுப்பதில்லை. 2003ஆம் ஆண்டு உலகக் கிண்ண அரையிறுதியிலே, போட் எலிசபெத் நகரில், அரவிந்த டி சில்வாவின் பந்து தம் துடுப்பிற் பட்டுக் குமார் சங்கக்காரவின் கைகளுக்குச் சென்றதை அறிந்த அடம் கில்கிறிஸ்ற், நடுவர் ஆட்டமிழக்கவில்லை என அறிவித்த பின்னரும் நடந்து வெளியேறினார். அவருடைய அணி அன்று வென்றமையால் அச்செயல் இலகுவாகப் புகழப்பட்டது. 1980இலே பம்பாயில் நடைபெற்ற பொன்விழா ரெஸ்ற் போட்டியில் இந்திய அணித் தலைவர் குண்டப்பா விஸ்வநாத்துக்கு நேர்ந்தது வேறு. இங்கிலாந்து 5 இலக்குகளை இழந்து 58 ஓட்டங்களுடன் தடுமாறிக்கொண்டிருந்த வேளையிலே, நடுவர் ஆட்டமிழந்ததாக அறிவித்த பொப் ரெய்லரின் துடுப்பிலே பந்து படவில்லை என்று உறுதியாகக் கருதிய அவர், நடுவரிடம் பேசி ரெய்லரைத் திரும்ப அழைத்தார். ரெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் குவித்தனர். இந்தியா 10 இலக்குகளால் தோற்றது. தோல்விக்குப் பின்னரும் நிமிர்ந்து நிற்கின்றதாகையால் விஸ்வநாத்தின் செயலே இரண்டினுள் எடை கூடியது.

2023ஆம் ஆண்டு நவம்பர் 6ஆந் திகதி டில்லியில், தலைக்கவசத்தின் பட்டி அறுந்தமையால் உரிய நேரத்துள் பந்தை எதிர்கொள்ளத் தவறிய அஞ்செலோ மத்தியூசுக்கெதிராகப் பங்களாதேசத்தின் அணித் தலைவர் சகீப் அல் ஹசன் முறையிட்டார். முறையீட்டைத் திரும்பப் பெறுகின்றாரா என்று நடுவர்கள் அவரிடம் வினவினர். அவர் மறுத்தார். சர்வதேசத் துடுப்பாட்டத்திலே தாமதத்துக்காக ஆட்டமிழந்த முதல்வர் மத்தியூஸ் ஆனார். சகீப்பைத் தூற்றிய இலங்கையர் பலர் அவர் சட்டத்தை மீறவில்லை என்பதை மறந்தனர். அவரை ஆதரித்தோரோ சட்டத்தை மீறாமையோடு பொறுப்பு முடிந்துவிட்டது எனக் கொண்டனர். நடுவர் கேட்ட அந்த ஒரு கேள்வியே கவனிக்க வேண்டியது. சட்டம் தன் வேலையை முடித்துவிட்டு, எஞ்சியதை ஆட்டக்காரனிடம் திருப்பிக் கொடுத்த கணம் அது. அவ்விடத்தை எந்த இயந்திரமும் நிரப்பமுடியாது. நடுவரின் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் முறை 2008இலே இலங்கையில் நடைபெற்ற இந்திய அணியுடனான ரெஸ்ற் தொடரிலேயே முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது. பந்து எங்கு பட்டது என்பதற்கு அம்முறையில் விடை கிடைக்கும். முறையிடத்தான் வேண்டுமா என்பதற்குக் கிடைக்காது.

வயல்வெளியிலும் இன்று எவனாவது கைகளை ஆங்கில எழுத்து ‘ரீ’ போலப் பிடித்து மறுபரிசீலனை கோருவதுண்டு. எல்லாரும் சிரிப்பர், பரிசீலிப்பதற்கு அங்கு எதுவும் இல்லை. மறுமுனையில் நிற்பவன் மட்டுமே இருக்கின்றான். பொழுது பனங்கூடலுக்குப் பின்னே சாய்ந்துவிட்டது. பந்தின் நிறமும் மண்ணின் நிறமும் ஒன்றாகிக்கொண்டிருக்கின்றன. அவன் தன் ஒன்றுவிட்ட தமையனைப் பார்க்கவில்லை, முறையிடுவோரையும் பார்க்கவில்லை, பந்து கடந்து சென்ற இடத்தையே பார்த்துக்கொண்டு விரலை உயர்த்துகின்றான். தமையன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நடந்து வருகின்றான். இவ்வாட்டத்திலே வெளியேறுபவன் நேரே வீட்டுக்குப் போவதில்லை. நடுவனாக நின்றவனே அடுத்த துடுப்பாட்டக்காரனாகையால், இருவரும் ஆடுகளத்தின் நடுவே சந்திக்கின்றனர். துடுப்பு ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாறுகின்றது. விரல் உயர்த்தியவன் இலக்கின் முன் போய் நிற்கின்றான்; ஆட்டமிழந்தவன் மறுமுனைக்குச் சென்று, ஓவருக்கு இன்னும் எத்தனை பந்து என்று பந்துவீச்சாளனைக் கேட்டு, பந்துகளை எண்ணுவதற்காகச் சிறு கற்களைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொள்கின்றான்.